பேப்பர் வாசிக்கிற விண்ணரசி

பூவனங்குடிக் கீழத்தெருவில் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். தடங்கல் இல்லாமல் கடகடவென்று வாசிக்கத் தெரிந்தவள் விண்ணரசி ஒருத்திதான். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். ஆட்சி மாறிய வருஷத்தில் தெருவுக்குச் சங்கக் கொடிமரம் வந்தது. அதனடியில் உட்கார்ந்து சாயங்காலம் பேப்பர் வாசிப்பது அவள் பொறுப்பாயிற்று. கடைத்தெருவில் மீரா உசேன் டீக்கடையில் பத்துப் பேர் படித்துக் கசக்கிய முந்தின நாள் பேப்பர்தான். அதனாலென்ன, கீழத்தெருவுக்கு அது புதுசு.

செபமாலை சொல்லிக்கொடுத்துப் பழகிய குரல் அவளுக்கு. கொலைச் செய்தியானாலும் கோதுமை விலையானாலும் அதே குரலில்தான் வரும். ஒரு வரி விடமாட்டாள். அவள் விட்டாலும் கேட்கிறவர்கள் விடமாட்டார்கள். "பேப்பர்லயே போட்டுட்டான்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் அதற்குமேல் பேச்சு கிடையாது. அப்படி ஆக்கிவைத்தது தானே என்பதில் விண்ணரசிக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தத் தை மாதம், அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டுச் சங்கத்து ஆட்கள் வயலில் இறங்காமல் நின்றார்கள். பண்ணையில் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் களத்தில் கைகலப்பாகி, பண்ணைக் காரியக்காரர் அரசப்பனின் மண்டை உடைந்தது. போலீஸ் வந்து விண்ணரசியின் புருஷன் சிங்கராயரைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அவர் சங்கச் செயலாளர். பிடிப்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

அடிதடி நடந்த நேரத்தில் சிங்கராயர் களத்தில் இல்லை. ஒரு மைல் தள்ளி, துரைக்கண்ணுவின் குத்தகை வயலில் தண்ணீர் வடியாமல் நின்றதென்று, வடிகாலை அடைத்துக்கிடந்த ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். கூட இருந்தது துரைக்கண்ணு மட்டும்தான்.

"அந்த ஆள் சங்கத்துல இல்லைல்ல? அப்பக் கோர்ட்டுல அவர் சொல்லு எடுபடும். அவரைக் கெட்டியாப் புடிச்சுக்கம்மா, கேஸ் நிக்காது" என்றார் வக்கீல். துரைக்கண்ணுவும் கேட்காமலே வந்து, "எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்றேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். விண்ணரசி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் பேப்பரில் பூவனங்குடி வந்தது. நிருபர் ஊருக்குள் கால் வைக்கவில்லை. பண்ணை வீட்டில் காபியைக் குடித்துவிட்டு, அங்கே சொன்னதை எழுதிக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். ஆனால் எழுத்து நன்றாகத்தான் இருந்தது. "கழுத்துச் சிலுவை ஆட, வேல்கம்பைச் சுழற்றியபடி கும்பலுக்கு முன்னால் பாய்ந்தார் சிங்கராயர்" என்று கண்ணால் கண்டதுபோல் போட்டிருந்தது.

விண்ணரசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மடித்து அடுப்பில் வைத்திருக்கலாம். வைக்கவில்லையே! நடந்தது இன்னதென்று தெருவுக்கே தெரியும், கேட்டுக் காறித் துப்பட்டும் என்று நினைத்துக்கொண்டு வரி விடாமல் வாசித்தாள். தெருவும் அப்படித்தான் சிரித்தது. "வேல்கம்புக்கு அவன் எங்க போனான்? வீட்டுல ஒழுங்கா ஒரு கத்தி கெடையாது" என்றார்கள். விண்ணரசியும் சிரித்தாள்.

பிறகு ஒருத்தர், "இன்னொரு தரம் வாசி" என்றார். பூவனங்குடியின் பேர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை. மறுநாளும் கேட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து சம்பந்தக்காரர்கள் வந்து கேட்டார்கள். புருஷனைப் பற்றிய பொய்யை, அது பொய் என்று முன்னும் பின்னும் சொல்லிச் சொல்லி, எட்டு நாள் அவளே வாசித்தாள். சொன்னது காற்றோடு போயிற்று. வாசித்தது நின்றுவிட்டது.

யாரும் இப்போது சிரிக்கவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. களத்துப் பக்கமே போகாதவர்கள் சிங்கராயர் பாய்ந்ததைக் கையை ஓங்கிக் காட்டிச் சொன்னார்கள். எல்லாரும் அவர்மேல் பிரியத்தோடுதான் சொன்னார்கள். "அடிச்சாலும் அடிச்சான், ஆம்பள!"

வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் துரைக்கண்ணுவைத் தேடிப்போனாள். அவர் வரப்பில் நின்று தரையையே பார்த்தார்.

"தங்கச்சி, வடிகால்ல எறங்குனது வியாழக்கிழமதானா?"

"என்னண்ணே கேக்குறீங்க? நீங்கதான சொன்னீங்க!"

"சொன்னேன். இப்ப யோசிச்சா புதங்கிழமையோன்னு இருக்கு. அவன் கொஞ்சம் முன்னாடியே கரையேறிப் போயிட்டானோ என்னமோ. கண்ண மூடுனா, சிலுவை ஆட வேல்கம்பைச் சுழற்றியபடி அவன் பாயுறதுதான் வருது." அந்த ஒரு வாக்கியத்தை அவர் விண்ணரசியின் குரலிலேயே இழுத்துச் சொன்னார். "சத்தியம் பண்ணிச் சொல்லணுமே ஆத்தா. பேப்பர்ல ஒண்ணு இருக்கையில நான் எப்படி வேற சொல்லுவேன்?"

"அது பொய்யிண்ணே!"

"நீதான வாசிச்ச?" என்றார் அவர். வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

பண்ணை ஆள் யாரும் அவரை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் அவரைத் திட்டவாவது ஒரு வழி இருந்திருக்கும். விண்ணரசி அவர் காலில் விழுந்தாள். அவரும் அழுதார். ஆனாலும் வரமுடியாதென்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் நாகப்பட்டினம் ஜெயிலுக்குப் போனாள். கம்பிக்கு அந்தப்பக்கம் சிங்கராயர் இளைத்துக் கறுத்து நின்றார். வந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"துரைக்கண்ணு அண்ணன் வர்றாருல்ல?"

இல்லையென்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். பஸ்ஸில் வந்த மூன்று மணி நேரமும் அவள் கண்ணுக்குள் நின்றது வேறு. சேற்றில் இறங்கி ஆகாயத்தாமரை இழுத்த சிங்கராயரை அவள் நேரில் பார்த்ததில்லை. பாய்கிற சிங்கராயரைத்தான் எட்டு நாள் பார்த்திருந்தாள்.

"எங்கிட்டயாவது உள்ளதைச் சொல்லுங்க. நீங்க அடிச்சீங்களா?"

சிங்கராயர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். கோபப்படவில்லை. பிறகு வார்டர் பக்கம் திரும்பி, "பேசியாச்சுங்க" என்றார்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்குய்யா" என்றார் வார்டர். சிங்கராயர் அதற்குள் உள்ளே நடந்துவிட்டார்.