கல்லறை இல்லாத தோல்வி

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிற வேலை சிவகாமிக்கு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவர் பெரிய அதிகாரியானாலும் சரி, பாசாரில் மீன் விற்கிறவரானாலும் சரி, வரிசைப்படிதான் உள்ளே விடுவாள். "கொஞ்சம் பொறுங்க அங்கிள், பல்லு எங்கயும் ஓடிடாது" என்பாள். வாய்த்துடுக்குக்காரி என்று அந்த வட்டாரத்தில் அவளுக்குப் பெயர். எண்பத்தொன்பதாம் வருஷக் கடைசியில் அந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது.

காரணம் அவள் புருஷன் கன்னையா. கிள்ளான் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிவந்த லோரி டிரைவர். கடல் தாண்டி சபா மாநிலத்தில், தவாவ் ஊருக்கு உள்ளே, காட்டில் வெட்டிய மரங்களை ஏற்றி இறக்க ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முந்தின வருஷமே கிளம்பிவிட்டான். போகும்போது மகள் இந்திராவுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்து, "நல்லா படி" என்று சொல்லிவிட்டுப் போனான். படிப்பதற்கு அதில் என்ன இருந்ததோ, அவனுக்கே வெளிச்சம். கூட வந்த டிஸ்க்குகள் அத்தனையும் விளையாட்டு.

வீட்டில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்வீட்டு வள்ளியம்மா வீட்டுக்குக் கூப்பிடுவான். சிவகாமி படியிறங்கி ஓடுவாள். தீபாவளிக்கு வரட்டுமா என்று ஒருமுறை கேட்டான். மழைக்காலம், காட்டுப் பாதையெல்லாம் சேறு. போன மாதம்தான் ஒரு லோரி பள்ளத்தில் உருண்டது என்று அவனே சொல்லியிருந்தான். "வேணாங்க, அவசரப்படாதீங்க. அங்கேயே இருந்து ரெஸ்ட் எடுத்துட்டு, மழை விட்டதும் வாங்க" என்றாள். சரி என்றான்.

அதுதான் கடைசி போன். மழை விட்டது, அவன் வரவில்லை. எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை.

கிளினிக் டாக்டரிடம் கேட்டு, அங்கிருந்தே தவாவில் இருந்த மரக் கம்பெனி ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டாள். எடுத்தவர் அங்கே கணக்கெழுதும் தம்புசாமி என்ற தமிழ்க் கிராணி. "விபத்து ஏதாச்சும் நடந்துச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"அப்படி ஒண்ணும் இல்லக்கா. வேற கேம்ப்புக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டாரு. அங்க போன் இல்ல லா."

இந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நட்ட ஈடு கேட்டுவிடுவார்கள் என்று செத்த ஆளைக் கம்பெனிக்காரன் மறைக்கிறான் என்றே மனசு அடித்துச் சொன்னது. வள்ளியம்மா வேறு, ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, காட்டு மரம் சாய்ந்து செத்தவர்கள் கதையாகத் தேடிப்பிடித்து வந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சிவகாமி கோயிலுக்குப் போனாள். "முருகா, அவரு உசுரோட இருக்கணும். தைப்பூசத்துக்கு பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள்.

இந்திரா கம்ப்யூட்டரில் ஒரு புது ஆட்டத்தைத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். ஒரு வியாபாரி ஒட்டகத்தோடு பாலைவனம், ஆறு, மலை எல்லாம் தாண்டித் தன் வீடு திரும்ப வேண்டும், அதுதான் ஆட்டம். தொடங்கும்போதே வியாபாரிக்கு என்ன பெயர் என்று கேட்கும். பிள்ளைக்கு அப்பா ஞாபகம். கன்னையா என்று தட்டினாள். மத்தியானம் கிளினிக்கிலிருந்து வந்த சிவகாமி, கம்ப்யூட்டரை மாட்டியிருந்த டிவி திரையில் ஒரு கல்லறையைப் பார்த்தாள். அதன்மேல் இங்கிலீஷில் அவள் புருஷன் பெயர். தண்ணீர் கிடைக்காமல் இறந்தான் என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே, கேம் ஓவர்.

சிவகாமி பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். "உயிரோட இருக்கிற மனுசனுக்கு கல்லறை கட்டுவியாடி?"

"கேம்ல எல்லாருக்கும் அப்படித்தாம்மா வரும்" என்று அழுதாள் இந்திரா. "வேற பேரு போட்டுக்கிறேன்."

அங்கேதான் சிவகாமிக்கு அந்த எண்ணம் வந்தது. பேரை மாற்றினால் அவனைப் பாலைவனத்தில் அப்படியே விட்டுவிட்டு வருவதுபோல் ஆகாதா? கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கிறோம். சிவப்பு வந்தால் ஒன்று, வெள்ளை வந்தால் ஒன்று என்று நம்புகிறோம். இதுவும் அப்படியொரு குறி என்று அவள் எடுத்துக்கொண்டாள். கன்னையாவை இந்த ஆட்டத்தில் உயிரோடு வீடு சேர்த்துவிட வேண்டும். சேர்த்துவிட்டால் தவாவிலும் அவன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். படித்த பெண் இப்படி நினைக்கலாமா என்று கேட்கிறவர்கள், தபால்காரனுக்காக வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

"தள்ளு. நான் ஆடுறேன்" என்றாள்.

ஒரு கிளினிக் கவுண்டரை ஆண்டவளுக்கு நாலு பொத்தான் பெரிய விஷயமா? ஆனால் அந்த ஆட்டத்தை எழுதியவன் லேசுப்பட்டவன் இல்லை. சாவுக்குச் சாவு வேறு வேறு படம் வரைந்து வைத்திருந்தான். ஆற்றில் போனால் தலைப்பாகை மட்டும் தண்ணீரில் மிதக்கும். காய்ச்சலில் போனால் ஒட்டகம் தனியாக நின்று திரும்பிப் பார்க்கும். மலையில் விழுந்தால் பனிக்குமேல் ஒரு கைத்தடி. இந்திராவுக்குப் பயம் போய் வேடிக்கையாகிவிட்டது. இன்னும் எத்தனை விதமாய்த் தோற்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். சிவகாமிக்கு ஒவ்வொரு படமும் ஒவ்வொரு சாவு வீடு. ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, திரும்பவும் அதே பெயரைத் தட்டினாள். சமையல் தீய்ந்தது. கிளினிக்கில் ஒரு நாள் ராமனுக்குப் பதில் ரஹ்மானை உள்ளே அனுப்பிவிட்டாள், அவர் பல்லைப் பிடுங்கப் பார்த்தார்கள்.

பிறகு அவள் ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தாள். அவசரப்பட்டால்தான் சாவு. ஆற்றங்கரையில் ஓர் ஊர் வரும்; அங்கே தங்கினால் உடம்பு தேறும், தண்ணீர் நிறையும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கன்னையாவை அந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். ஆற்றில் வெள்ளம். தங்கு என்று தட்டினாள். வெள்ளம் வடிந்தது, ஆனால் வானம் கருத்திருந்தது. எதற்கு வம்பு, இன்னும் கொஞ்சம் தங்கு. மறுபடியும் தங்கு. உடம்பு முழுசாகத் தேறிவிட்டது என்று திரை சொன்னது. அப்போதும் மனசு கேட்கவில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று தட்டினாள்.

திரை மாறியது. கல்லறை இல்லை. ஒரு சின்ன வீடு, கூரையில் புகை. வாசலில் ஒரு பெண். அவள் பக்கத்தில் வியாபாரி உட்கார்ந்திருந்தான், ஒட்டகம் நிழலில் படுத்திருந்தது. கன்னையா சுகமாக இருக்கிறான், அவன் வீடு திரும்பவில்லை என்று எழுதியிருந்தது. கீழே வழக்கம்போல் கேம் ஓவர்.

"ஐ, அம்மா! இது புதுசு!" என்று குதித்தாள் இந்திரா. "அப்பா சாகவே இல்ல! ஆனா நம்ம தோத்துட்டோம்!"

சிவகாமி பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். இத்தனை மாதமும் அவள் மனசு அவனை லோரியில் உருட்டியது, மரத்தடியில் நசுக்கியது, காய்ச்சலில் கிடத்தியது. இந்த ஒன்றை மட்டும் அவள் நினைத்தே பார்க்கவில்லை. நினைக்க அவளுக்குத் துணிச்சல் இருந்ததில்லை என்பதுதான் உண்மை.

திங்கட்கிழமை டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில் தவாவுக்குப் போட்டாள். தம்புசாமி எடுத்தார்.

"விபத்து ஒண்ணும் இல்லக்கா..." என்று ஆரம்பித்தார்.

"அது தெரியும்ணே. அவருக்கு அங்க சமைச்சுப் போடறது யாரு?"

தம்புசாமி தொண்டையைச் செருமினார்.

"அக்கா... உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன் லா. கேம்ப் கேன்டீன்ல இருந்த பொண்ணு. பிள்ளையும் பொறந்திருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"அவரு நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காருக்கா. கொஞ்சம் சதை போட்டிருக்காரு."

போனை வைத்தாள். அந்தக் கல்லறையே மேல் என்று தோன்றியது. தலைப்பாகை ஆற்றில் மிதந்திருந்தால் ஊரைக் கூட்டி அழுதிருக்கலாம், வள்ளியம்மா தோளைக் கொடுத்திருப்பாள். இதற்கு யாரிடம் போய் அழுவது? இப்படியும் நினைக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. டாக்டர் திரும்பி வந்ததும் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

மகளிடம் மறைக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை. நாளைக்கு வள்ளியம்மா வாயால் கேட்பதைவிடத் தானே சொல்லிவிடலாம். இந்திரா அழவில்லை, சாப்பிடவும் இல்லை. இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

தைப்பூசம் நெருங்கியது. சிவகாமி விரதம் பிடித்தாள், மஞ்சள் புடவை எடுத்தாள், குடத்தைப் புளிபோட்டுத் துலக்கினாள். அதைப் பார்த்ததும் இந்திராவுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது.

"யாருக்கும்மா இது? அந்த ஆளுக்கா? அவருதான் வரலையே! வராத ஆளுக்கு எதுக்குப் பால்குடம்?"

சிவகாமி துலக்குவதை நிறுத்தவில்லை.

"உசுரோட இருக்கணும்னு கேட்டேன், குடுத்துட்டான்" என்றாள். "வரணும்னு நான் கேக்கலையே."