அட்டவணையில் ஏறாத பதினோரு வாரங்கள்

பலகையில் பத்திர எழுத்தர் என்றுதான் எழுதியிருந்தது. பதிவு அலுவலகத் தெருவில் அவருக்கு வழங்கிய பெயர் நாலெல்லை. மனையின் நான்கு எல்லைகளையும் தம் காலால் நடந்து பார்க்காமல் அவர் பேனாவைத் திறக்கமாட்டார். "மனை பாக்கப் போறாரா, மாப்பிள்ளை பாக்கப் போறாரா?" என்று பக்கத்து மேசைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் சட்டை செய்வதில்லை. இருபத்தேழு ஆண்டுகளில் அவர் எழுதிய எந்தப் பத்திரமும் நீதிமன்றப் படி ஏறியதில்லை.

முதலாவதாக ஏறவிருந்தது அவருடைய தங்கையின் வீட்டுப் பத்திரம்.

தங்கை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு மனையை வாங்கி, இரண்டு அறைகள் எழுப்பிக் குடியேறினாள். இப்போது, ஒரு காலையில், வாசலில் ஒரு வக்கீலுடன் யாரோ வந்து நின்றார். தங்கைக்கு விற்பதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே அதே ஆள் அதே மனையைத் தனக்கு விற்றுவிட்டான் என்று பத்திர நகலை நீட்டினார். ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டுமாம்.

சீருடையோடு நேராக அண்ணனின் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, நீ எழுதிக் குடுத்தது பத்திரமா, இல்ல பொட்டலம் மடிக்கிற காகிதமா?"

அவர் நகலை வாங்கிப் பார்த்தார். தலைப்பில் இருந்தது மூடிப்போன தற்காலிக அலுவலகத்தின் முத்திரை. ஐந்து ஆண்டுகளுக்கு முன், கூட்டம் தாங்காமல் ஒரு கிடங்கின் மாடியில் அதைத் திறந்தார்கள். பதினோரு வாரத்தில் மூடினார்கள். அங்கே அவரே ஒன்பது பத்திரங்கள் எழுதியிருக்கிறார். மூடியபின் பதிவேடுகள் வண்டியில் திரும்பி வந்ததையும் பார்த்தவர்தான். அவை தலைமை அட்டவணையில் ஏறியிருக்கும் என்றே அவரும் எல்லா எழுத்தர்களும் எடுத்துக்கொண்டார்கள். வில்லங்கம் தேடும் எழுத்தர் அட்டவணையை மட்டுமே பார்ப்பார். அதில் இல்லாத பத்திரம் உலகத்திலேயே இல்லை. தங்கையின் மனைக்கு முப்பது ஆண்டுத் தேடுதல் போட்டபோதும் 'வில்லங்கம் இல்லை' என்றே சான்று வந்தது.

இருவரும் பதிவாளரின் அறைக்குப் போனார்கள்.

"நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?" என்றார் பதிவாளர். "ஒருத்தர் விக்கிறார், ஒருத்தர் வாங்குறார், நாங்க பதியறோம். யாருக்குச் சொந்தம்னு சொல்றது எங்க வேலை இல்ல."

"அப்ப எதுக்கு சார் இம்மாம் பெரிய சீலு? அழகுக்கா?" என்றாள் தங்கை.

பதிவாளர் சான்றைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார். தேடுதலில் விடுபட்டவற்றுக்கு அலுவலகம் பொறுப்பல்ல.

நாலெல்லைக்கு முகம் எரிந்தது. அந்த வரியில் விரல் வைத்துக் கேட்ட ஒவ்வொருவரிடமும், "அது சும்மா அச்சடிக்கிறதுங்க" என்று சொன்னவர் அவர்தான். தங்கையிடமும் சொல்லியிருந்தார்.

"அந்தப் பதினோரு வாரப் பதிவேடு எங்க சார்?"

பதிவாளர் தேடுதல் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் பீரோவின் உச்சியைப் பார்த்தார். சாக்கில் சுற்றிய கட்டு ஒன்று அங்கே கிடந்தது. அதன்மேல் ஓடாத மேசை விசிறி.

"ஏத்த ஆள் பத்தல" என்றார் எழுத்தர்.

"அஞ்சு வருஷமாவா?"

நாலெல்லை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். விசிறியை இறக்கினார். கட்டைத் தூக்கிவந்து மேசையில் போட்டபோது தூசி பதிவாளரின் தேநீரில் விழுந்தது.

"யாரக் கேட்டு எடுக்கறீங்க?"

"யார் வேணும்னாலும் பாக்கலாம்னுதான் சார் இதுக்குப் பொதுப் பதிவேடுன்னு பேரு. நீங்கதான் மேல ஃபேன் வச்சிருக்கீங்க."

முந்நூற்றுப் பன்னிரண்டு பத்திரங்கள். கையொப்பம், ரேகை, முத்திரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. நூற்று நாற்பதாவது, தங்கையின் மனை.

பதிவாளரின் குரல் இறங்கியது. "சரி, விடுங்க. நாளைக்கே எல்லாத்தையும் ஏத்திடறோம்."

அந்தக் கனிவுதான் அவரை உசுப்பியது. நாளை ஏற்றிவிட்டால், அது ஐந்து ஆண்டுகளாக அங்கேயே இருந்ததுபோல் ஆகிவிடும். தேடத் தெரியாதவர் பத்திர எழுத்தர், கேட்காமல் வாங்கியவள் தங்கை என்று முடிந்துவிடும்.

வெளியே வந்து, சாளரத்தில் ஒரு தேடுதல் விண்ணப்பம் வாங்கினார். அதே மனை, அதே முப்பது ஆண்டுகள். நிரப்பி நீட்டினார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப எதுக்கு இது?" என்று பதிவாளர் பின்னாலேயே வந்தார். "ஏத்தினதும் தர்றோம்."

"ஏத்துங்க. இன்னிக்குத் தேதிய ஓரத்துல போட்டு, கையெழுத்துப் போட்டு ஏத்துங்க. முடியாதுன்னா அட்டவணையில இருக்கிறபடி சான்று குடுங்க. அதுவும் முடியாதுன்னா, ஏன்னு எழுத்துல குடுங்க. மூணுல எது குடுத்தாலும் வாங்கிக்கறேன்."

எழுத்தர் அட்டவணையைப் புரட்டினார். அதில் எதுவும் இல்லை. உள்ளே மேசைமேல் நூற்று நாற்பதாவது பத்திரம் விரிந்து கிடக்க, இங்கே 'வில்லங்கம் இல்லை' என்று எழுதினார். பதிவாளர் வரிசையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் கையெழுத்திட்டார்.

"இத வச்சு என் வீடு நிக்குமாண்ணே?"

"தெரியல. அவர் பத்திரம் முந்தினது. ஆனா பொய்ச் சான்று குடுத்தது யாருன்னு இனி யாரும் மறைக்க முடியாது. இவங்களையும் கேஸ்ல சேப்போம். அந்தப் பொடி எழுத்து சும்மா அச்சடிக்கிறதுன்னு நான் உனக்குச் சொன்னதையும் எழுதித் தர்றேன்."

"அத எழுதினா உன்னையும் கூண்டுல ஏத்துவாங்களே."

"ஏத்தட்டும்."

வரிசையிலிருந்து ஒருவர் தம் கையிலிருந்த சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, அப்ப என்னோடது? நேத்துதான் முன்பணம் குடுத்தேன்."

நாலெல்லை பதிவாளரின் அறைக்குள் திரும்ப நுழைந்து, பதிவேட்டைத் தூக்கிவந்து சாளரப் பலகையில் வைத்தார். யாரும் தடுக்கவில்லை.

"சர்வே நம்பர் சொல்லுங்க" என்றார்.