போர் தண்ணீரில் நின்ற செடி

1. பாய்லர் மூடி

மீன் தொட்டிச் செடிகள் வளர்த்துக் கொடுக்கும் நர்சரியில் நான் வேலைக்குச் சேர்ந்தது 1991-இல். சேரப்பணஞ்சேரியில் வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள் கட்டி அதை நடத்தியவர் கிருபா மேடம். தாவரவியல் படித்தவர், அதை அடிக்கடி சொல்லியும் காட்டுவார்.

சேர்ந்த வாரமே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து போன். வரவேற்பறைத் தொட்டியில் மேடம் நட்டுவிட்டு வந்த கபோம்பா என்ற மெல்லிய இலைச் செடி முழுவதும் கூழாகிவிட்டது. எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அவர்கள்தான். அவர்கள் போனால் நர்சரியை மூட வேண்டியதுதான் என்று மேடம் வேனிலேயே சொல்லிவிட்டார்.

அங்கே நிர்வாகம் பார்த்த ரங்கநாதன் மணிமங்கலத்துக்காரர். வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேடம், செடி வெச்சீங்களா, கீரை கடைஞ்சி வெச்சீங்களா?"

மேடம் நேராகக் கேன்டீனுக்குப் போய் டீ பாய்லரின் மூடியைத் திறந்தார். உள்ளே சுவருக்குப் பூசினதுபோல் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு.

"தப்பு என்னுதுதான் சார். ஏரித் தண்ணில வளர்ந்த செடியை உங்க போர் தண்ணில கொண்டாந்து போட்டுட்டேன். கபோம்பா இதுல நிக்காது. வாலிஸ்நேரியா நிக்கும். இந்தத் தண்ணில கரைஞ்சிருக்கிற சுண்ணாம்புச் சத்துலேர்ந்தே அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கும்."

வாடிக்கையாளர் எதிரில் தப்பை ஒத்துக்கொண்ட முதலாளியை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

2. வழுக்கை

நாடாபோல் நீண்ட இலை கொண்ட வாலிஸ்நேரியாவை நட்டோம். சில நாளில் அதன் இலைகளும் கரைந்தன. ஓடிப்போய்ப் பார்த்தால், ரங்கநாதன் பிடுங்குவதற்கு ஆளையே நிறுத்திவைத்திருந்தார். மேடம் தொட்டியை மறித்து நின்றுகொண்டார்.

"பிடுங்காதீங்க சார். இடம் மாத்தினா இருக்கிற இலையைக் கொட்டிட்டுப் புதுசா விடும்."

"வழுக்கையைக் காட்டி முடி வளரும்ன்றீங்க."

"டைபாய்டு வந்தா கொட்டிப் போறதில்லையா? அப்புறம் வளரலையா?"

மேடத்துக்கு விஷயம் தெரியாது. என் மகள் அப்போதுதான் டைபாய்டிலிருந்து எழுந்திருந்தாள். சீப்போடு வரும் முடியை அவள் கண்ணில் படாமல் சுருட்டி எறிந்துவிட்டுத்தான் தினமும் கிளம்புவேன்.

மேடம் என் கையை இழுத்துத் தண்ணீருக்குள் விட்டார். "குருத்தடியை அழுத்திப் பாரும்மா. கெட்டியா இருக்கா?"

"இருக்கு மேடம்." அடுத்த குருத்தையும் அழுத்திப் பார்த்தேன், அதுவும் கெட்டிதான்.

"இன்னும் ரெண்டு வாரம் குடுங்க சார்."

ரங்கநாதன் என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கெடு முடிந்து நாங்கள் போனபோது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "யோவ், தொட்டிய தொடச்சா வெளியில தொட. உள்ள கை வெச்சே, தெரியும் சேதி." குருத்துகளிலிருந்து புது இலைகள் நிமிர்ந்திருந்தன. அவற்றின் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, தொட்டால் சொரசொரத்தது. அந்தத் தண்ணீரிலேயே வேர்விட்டு, பக்கத்தில் கன்றும் போட்டிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாடிக்கையாளர் கேட்கும் செடியைப் பார்க்கும் முன் அவர் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். முடிந்தால் அதே தண்ணீரில் கொஞ்ச நாள் வளர்த்துக் கொடுங்கள். இலை கரைந்தால் குருத்தடியை அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் பிடுங்காதீர்கள். மீதியைச் செடி பார்த்துக்கொள்ளும்.