நண்பகல் மணியும் ரேகை மிஷினும்

வரதராஜன்பேட்டை மாதா கோயிலில் நண்பகல் மணி அடித்தாலே விண்ணரசி கடையின் உள்கதவைத் திரும்பிப் பார்ப்பாள். பென்ஷன்காரர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று கட்டைவிரல் ரேகை வாங்கிப் பதிகிற கடை அவளுடையது. கடை இருக்கும் அறை மட்டும் புருஷனின் அண்ணன் மரிய ஆல்பர்ட்டுடையது. புருஷன் ஜோசப் திருப்பூரில் பனியன் கம்பெனியில்.

மணி அடித்ததும் ஆல்பர்ட்டின் மனைவி ஆனி ரோஸ் எல்லாரோடும் செபம் சொல்ல வீட்டுக்குள்ளிருந்து கடைக்கு வருவாள். செபம் சொல்லும்போது லேப்டாப் திரை வெளிச்சமாக இருந்தால் அவளுக்கு ஆகாது. லேப்டாப் மூடியைப் படாரென்று சாத்திவிட்டுத்தான் சிலுவை போடுவாள். செபம் முடிந்து திறந்தால் எல்லாம் இருக்கும். ரேகை மிஷின் மட்டும் இருண்டு கிடக்கும். கம்பியைப் பிடுங்கிச் செருகினாலும் வராது. லேப்டாப்பை மொத்தமாக அணைத்துத் திரும்பப் போட வேண்டும். அந்தக் கிழட்டுப் பெட்டி எழுந்து வருவதற்குள் ஆட்கள் வேறு கடை தேடி ஆண்டிமடத்துக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.

"இவ கைராசி அப்படி," என்பாள் ஆனி ரோஸ், போகிறவர்கள் காதில் விழும்படி. "மிஷினும் முழிக்காது, மனுசனும் தங்க மாட்டான். என் கொழுந்தன் திருப்பூர்லயே கெடக்கிறான்ல."

ஆல்பர்ட் சொல்லிவிட்டார். "இந்த வாரமும் இப்படியே போச்சுன்னா ரூமை செல்போன் கடைக்கு விட்டுருவேம்மா."

ஜெயங்கொண்டத்திலிருந்து மெக்கானிக் மணிவண்ணன் வந்து பார்த்தான்.

"மூடுனா லேப்டாப் தூங்கிரும்க்கா. தூங்குறப்ப ஒவ்வொரு மிஷினையும் படுக்க வச்சு, முழிக்கிறப்ப எழுப்பி விடுறது டிரைவர்னு உள்ள இருக்கிற புரோகிராமோட வேலை. உங்க ரேகை மிஷின் டிரைவர் பழசு. படுக்க வைக்குது, எழுப்பத் தெரியல. மூடுனாலும் தூங்காத மாதிரி செட்டிங் மாத்தி வுட்டுட்டுப் போறேன்."

விண்ணரசி தடுத்தாள்.

"வேணாம் தம்பி. இப்ப மாத்திட்டா, இத்தன நாளா யாரால கெட்டுச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாமப் போயிரும்."

மறுநாள் ஆல்பர்ட்டைக் கூப்பிட்டுக் கடையில் உட்கார வைத்தாள். மணி அடித்தது. ஆனி ரோஸ் வந்தாள். விண்ணரசி லேப்டாப் விசைகளின் மேல் கையை விரித்து வைத்தாள். மூடி அவள் விரல் முட்டியில் வந்து இடித்தது.

"கைய எடுடி."

"எடுக்க மாட்டேன். தொறந்தபடியே செபம் சொல்லுங்கக்கா."

சொன்னார்கள். ஆமென் முடிந்ததும் வரிசையில் முதலில் நின்ற கொளஞ்சியம்மாள் விரலை வைத்தாள். விளக்கு எரிந்தது, பதிந்தது. உடனே விண்ணரசியே மூடியைச் சாத்தித் திறந்தாள். மிஷின் செத்துக் கிடந்தது.

"பாத்தீங்களா மாமா? தெனம் இதைத்தான் அக்கா பண்றாங்க. ராசி கெட்டவ நானாம்."

அடுத்து நின்ற வேணுகோபால் வாத்தியாருக்கு எரிச்சல். "என்னுதையும் பதிஞ்சிட்டு உங்க சண்டையப் போடக் கூடாதாம்மா?"

ஆல்பர்ட் மனைவியைப் பார்த்தார். "நாளையிலேர்ந்து உள்ளயே செபம் சொல்லு. கடை இருக்கட்டும்."

ஆனி ரோஸ் உள்ளே போய், வீட்டுக்கும் கடைக்கும் நடுவிலிருந்த கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கடைக்கு இருந்த ஒரே தண்ணீர்க் குழாயும் கக்கூசும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தன.

விண்ணரசி வாத்தியாருக்காக லேப்டாப்பை அணைத்துப் போட்டாள்.