மாசிங் வாங்காத பன்றி

என் அண்ணன் மனைவி எல்டா சரியான வாயாடி. மீன் கழுவும்போதுகூடப் பேசுவாள், கேட்க ஆள் வேண்டுமென்பதில்லை. எங்கள் தீவில் எங்கள் மொழி பேசுகிறவர்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் தேவாலயத்தில் பின்வரிசை காலியாகத்தான் கிடக்கும். அதற்கு இலக்கணம் எழுத கிர்ஸ்டி என்ற வெள்ளைக்காரப் பெண் வந்தபோது ஆண்கள் காவா வேரின் போதைச் சாற்றைக் குடித்துப் பெரிய மனிதர்களாகத் தலையாட்டினார்கள். உட்கார்ந்து வேலை செய்தவள் எல்டா.

"போறேன், போறே, போறோம்னு சொல்லிச் சொல்லியே கால் வலிக்குது டோரா" என்று என்னிடம் சிரிப்பாள்.

ஒருநாள் உடம்பின் உறுப்புகள் வந்தன. என் தொடை, உன் தொடை, அவன் தொடை என்று ஒவ்வொன்றாகக் குரலில் பதிவு செய்ய வேண்டும். எல்டா கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். கூடப்பிறந்தவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு ஆண்பிள்ளை காதில் விழுந்தால், எங்கள் ஊரில் அவன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அவளுடைய அண்ணன் மாசிங்தான் தாயும் தகப்பனும் போனபின் அவளை வளர்த்தவர். பாதையில் அவர் தலை தெரிந்தாலே அந்த வாயாடி ஊமையாகிவிடுவாள்.

கிர்ஸ்டி கிளம்பிய நாளில் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "எல்டா, பதிவையெல்லாம் ஊருக்கே குடுத்துட்டுப் போறேன். எதையாவது எடுத்துடணுமா?"

அவள்மேல் குற்றம் கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. முறையாகத்தான் கேட்டாள். ஆனால் வழியனுப்பக் கிழங்கோடு வந்த மாசிங் ஈரப்பலா மரத்தடியில் நின்றிருந்தார். எடுத்துவிடு என்றால், எதை என்று கேட்பாள். அப்படி ஒன்று இருக்கிறதென்று அண்ணன் முன்னால் காட்டிக்கொள்வதே அவமானம். எல்டா தரையைப் பார்த்து, "எல்லாம் இருக்கட்டும்" என்றாள்.

"தனியா கூப்பிட்டுக் காதுல சொல்லியிருக்கலாமே அண்ணி?" என்று படகு போனபின் கேட்டேன்.

"அண்ணன் பார்த்துட்டிருந்தாரே. என்ன ரகசியம்னு நினைப்பாரு?"

புதுக்கிழங்கு விருந்தன்று ஆண்கள் கூடும் வீட்டில் அந்தப் பதிவை ஒலிபெருக்கியில் போட்டார்கள். முதலில் அவள் சொன்ன சுறாக் கதை ஓடியது. ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. நிறுத்தித் தொலைத்திருக்கக் கூடாதா! அடுத்து அதே குரலில் தொடை, இடுப்பு, மார்பு. எவனோ ஒரு மூளைகெட்டவன், "மாசிங், உங்க தங்கச்சி நல்லாத்தான் பாடம் நடத்துது!" என்று கத்தினான். மாசிங் கையிலிருந்த சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். நேரே மலைத் தோட்டத்துக் குடிசை. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

தங்கை கொடுக்கும் பன்றியை அண்ணன் வாங்கிக்கொண்டால் அந்த அவமானம் தீர்ந்தது என்று எங்கள் வழக்கத்தில் அர்த்தம். எல்டா தன்னிடமிருந்த நல்ல பன்றியை, கோரைப்பல் வளைந்து வளர்ந்ததை, என்னிடம் கொடுத்தனுப்பினாள். அது தீரும்வரை அவள் அண்ணன் முன்னால் போகக் கூடாதே. நான் அதை இழுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

"கொண்டு போயிடு டோரா" என்றார் மாசிங். "அவமேல கோபமில்ல. ஆனா ஊரே சிரிச்சுது. அந்தச் சிரிப்ப எந்தப் பன்னி தின்னு தீர்க்கும்?"

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்குக்கூட ஊருக்குள் வர மறுத்து, குடிசையிலேயே செத்துப்போனார்.

குழியில் மண் விழுமுன் கூடப்பிறந்தவள் எங்கள் மொழியில் அவரைக் கூப்பிட்டு அழ வேண்டும். எல்டா முன்னால் வந்தபோது மாசிங்கின் மகன் குறுக்கே நின்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"வேணாம் அத்தை. உங்க குரல் தன்மேல விழக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுதான் போனாரு."

எல்டா குழியில் போடக் கொண்டுவந்த பாயின் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். மண் விழுந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த ஆகக் கொடுமையான காட்சி அதுதான்.

அதன்பிறகு அவள் என்னிடம்கூட பிஸ்லாமாவில்தான் பேசுகிறாள், எல்லாத் தீவுக்காரர்களும் சந்தையில் பேசும் பொதுமொழி அது. போன வருடம் கிர்ஸ்டி வந்தாள், இலக்கணத்தில் கொஞ்சம் பாக்கி இருக்கிறதாம். எங்கள் மொழியில் அழகாக நலம் விசாரித்தாள். எல்டா அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு பிஸ்லாமாவில் சொன்னாள்:

"எனக்கு அந்த மொழி தெரியாதும்மா."