சகுந்தலா அக்கா ஓட்டுக்கு மேலே

போன வாரம் மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு கயிற்றுக் கடையாகப் போய்விட்டது. நனைந்த தேங்காய்நார் வாசனை எப்படி இருக்கும், நினைவிருக்கிறதா? கொஞ்சம் மண், கொஞ்சம் கிணறு, கொஞ்சம் ஊறிப்போன பாய். கடைக்காரர், "இன்னா வேணும்மா?" என்றார். சும்மா நிற்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அஞ்சு முழம் வாங்கிக்கொண்டேன். ஹாஸ்டல் மாதிரி ஓர் அறையில் இருக்கிறவளுக்குக் கிணறு ஏது, மாடு ஏது? கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்ததும் உள்ளங்கை எரிகிற மாதிரி இருந்தது. எரியவில்லை. அது பழைய எரிச்சல்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு நெடுகப் புங்க மரங்கள். யார் வைத்தார்களோ, என் அப்பா சின்னப் பையனாக இருந்தபோதே அவை கிழட்டு மரங்கள்தானாம். புங்க நிழலுக்கு ஒரு குணம் உண்டு, வெயில் பொத்தலாகக்கூட உள்ளே வராது. அதனால்தான் காலையில் நெசவாளர்கள் பாவை எங்கள் தெருவில் நீட்டுவார்கள். பாவு என்றால் புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழைகள். இந்த முனையில் நாலு பேர், அந்த முனையில் நாலு பேர், தளராமல் ஒரே சீராக இழுத்துப் பிடிப்பார்கள். நடுவில் அறுந்த இழையை முடிந்துகொண்டே இரண்டு பேர். பூக்கிற பருவத்தில் பொரி மாதிரி புங்கம்பூ பாவின் மேல் கொட்டும். அதை ஊதித்தான் தள்ள வேண்டும், கை படக்கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நானும் நின்று ஊதியிருக்கிறேன். எச்சில் தெறித்துவிட்டது என்று திட்டும் வாங்கியிருக்கிறேன்.

மெட்ராஸில் காலேஜில் சேர்ந்து பாட்டனி படிக்க ஆரம்பித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. லீவுக்கு வந்தால் தெருவில் ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்ப்பேன், பட்டையை முகர்ந்து பார்ப்பேன். "இதுக்குப் பேர் பொங்கேமியா, தெரியுமா?" என்று அம்மாவிடம் சொன்னேன். "அதுக்குப் பேர் இருக்கட்டும், உனக்கு வர்ற பேரைப் பாரு" என்றாள்.

எதிர்வீட்டு சகுந்தலா அக்கா மரம்தான் எனக்குக் கவலை தந்தது. மரம் தெருவுக்குப் பொது. ஆனால் அக்கா வீட்டு வாசலில் நின்றதால் அவள் மரம். அக்காவும் அவள் புருஷன் ஏகாம்பரம் அண்ணனும் தறி நெய்கிறவர்கள். அதோடு பதப்படுத்தாத பட்டு நூலைச் சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை எடுக்கிற வேலையும் செய்தார்கள். அந்தக் கொதிதண்ணீரை எங்கே கொட்டுவார்கள்? மரத்தடியில்தான். வருஷக்கணக்காக, ஒரே பக்கம். அந்தப் பக்கத்துக் கிளைதான், என் இடுப்புப் பருமன், அவள் வீட்டு ஓட்டுக் கூரைக்கு மேலே இலை உதிர்ந்து, பட்டை வெடித்து நின்றது.

அந்த ஐப்பசியில் தீபாவளி லீவு. ராத்திரி பெய்த மழைக்குக் காலையில் பார்த்தால் கிளை அடியில் ஒரு பிளவு. விரல் நுழைகிற அளவு. காற்றடித்தால் அந்த வாய் திறந்து மூடியது. முனகல் மாதிரி ஒரு சத்தம்.

தெருவே கூடிவிட்டது. ஓட்டுக்கு நேர் கீழே தறி. அதில் முக்கால்வாசி நெய்து முடித்த முகூர்த்தப் புடவை. குழியில் இறங்கிய தறி, தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பாவை அறுத்து எடுத்தால் புடவை போச்சு. புடவை போனால் முதலாளி அடுத்த பாவு தரமாட்டார்.

"மரத்தையே அடியோட சாச்சிடலாம்" என்றார்கள். நான் நடுவில் புகுந்தேன். "மரம் நல்லா இருக்குது. அந்தக் கிளையை மட்டும் எடுத்தா போதும். அதுவும் காயறதுக்குக் காரணம் நீங்க ஊத்தற சுடுதண்ணிதான்."

இதை அப்போது சொல்லியிருக்க வேண்டாம்தான்.

சகுந்தலா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நானா கொன்னேன்? நாலு எழுத்து படிச்சிட்டு வந்து எங்க வூட்டு வாசல்ல பஞ்சாயத்து பண்றியா? மேல வுழுந்தா உன் புஸ்தகமா வந்து நெய்யும்?"

"அடியோட வெட்டினா மட்டும் எந்தப் பக்கம் சாயும்? உங்க ஓட்டு மேலதான் சாயும்கா. கனம் முழுக்க அங்கதான் இருக்குது."

அவள் அண்ணாந்து கிளையின் சாய்வைப் பார்த்தாள். 

மரம் வெட்டுகிற முனுசாமி ஐயம்பேட்டையிலிருந்து வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. "நான் வெட்டுவேம்பா. ஆனா வெட்டினா வுழும். வுழுறதைப் புடிக்கிறது நம்ம வேலை இல்ல. கழனியில மரம் வெட்டறவன் நான்."

ஏகாம்பரம் அண்ணன் முன்னால் வந்தார். கேட்டார்: "வுழாம எறக்கினா?"

"எறக்கறதுக்கு எவன்யா இருக்கான்?"

"பாவு புடிக்கிறவன் இருக்கான்."

அண்ணன் சொன்னது உடனே எல்லோருக்கும் புரிந்துவிட்டது, என்னைத் தவிர. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கிணற்றுக் கயிறுகள் வந்தன, நனைந்தவை, நாறுகிறவை. முனுசாமி மரமேறி, பெரிய கயிற்றை மேலே பலமான கவட்டையில் போட்டு, நோயாளிக் கிளையில் இறுக்கிக் கட்டினார். மறு முனையைத் தெருவில் எட்டுப் பேர் பிடித்தார்கள், முன்னால் அண்ணன். கிளை நுனி ஓட்டுப் பக்கம் திரும்பாமல் தெருப் பக்கம் இழுக்க இன்னொரு சின்னக் கயிறு. அதைப் பிடிக்க ஆள் இல்லை. நான் பிடித்தேன். எனக்கு முன்னால் வந்து இன்னொரு ஜோடிக் கை பிடித்தது. சகுந்தலா அக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரம்பச் சத்தம். தூள் மழை மாதிரி விழுந்தது. பாதிகூட அறுக்கவில்லை, 'மடார்' என்று பிளவு தானே வாய் பிளந்தது. முனுசாமி கவட்டையில் ஒட்டிக்கொண்டார். கிளை சரிந்தது. பெரிய கயிறு விறைத்து, எட்டுப் பேரையும் முன்னால் இழுத்துக்கொண்டு போனது. அவர்கள் குதிகால்கள் சேற்றில் கோடு கிழித்தன.

"எவனும் கையை எடுக்காதே! பாவு புடிக்கிற மாதிரியே புடி! ஒரே சீரா... நில்லு!" என்று அண்ணன் கத்தினார்.

நின்றார்கள். எட்டுப் பேரும் ஒரே உடம்பு மாதிரிப் பின்னால் சாய்ந்து நின்றார்கள்.

கிளை ஓட்டுக்கு மேலே ஆடியது. நுனி உரசி இரண்டு ஓடு நழுவியது. ஒன்று வாசலில் விழுந்து உடைந்தது. இன்னொன்று உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. தறிப் பக்கம்.

"அக்கா, நீ போய்ப் பாரு, நான் புடிச்சிக்கிறேன்."

"கையை எடுத்தேன்னா மொத்தமும் உள்ள போயிடும். வாயை மூடிக்கினு இழு."

இழுத்தோம். கயிறு உள்ளங்கையில் ஓடி எரிந்தது. அவள் முதுகு என் மார்பில் இடித்தது.  அண்ணன் குரல் மட்டும்: "வுடு... கொஞ்சம் வுடு... நில்லு. மறுபடி வுடு..." கிளை விரற்கடை விரற்கடையாக இறங்கியது. கடைசியில் தெருச் சேற்றில் அது உட்கார்ந்தபோது சத்தமே வரவில்லை. குழந்தையைத் தொட்டிலில் போட்ட மாதிரி.

அக்கா கயிற்றை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நாங்கள் அத்தனை பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.  முனுசாமிகூட மரத்திலிருந்து இறங்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தாள். முகத்தில் ஓட்டுத் தூசி. "ஓடு குழியில வுழுந்திருக்குது. பாவு மேல ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பச்ச ரணமா இருக்குதே, அந்த வெட்டுக்கு இன்னா பூசணும், சொல்லுடி" என்றாள்.

சாணியும் செம்மண்ணும் குழைத்து அவளே ஏணி வைத்து ஏறிப் பூசினாள். சுடுதண்ணீர் அதற்கப்புறம் மரத்தடிக்குப் போகவில்லை, தோட்டத்துக் குழிக்குப் போனது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் தெருவே அண்ணாந்து பார்க்கும். எந்தக் கிளை காய்கிறது, எதில் கரையான் ஏறுகிறது என்று திண்ணைக்குத் திண்ணை பேசும். பாவு பிடிக்கிற ஆட்களே கிளை இறக்குகிற ஆட்களாகிவிட்டார்கள். பக்கத்துத் தெருவுக்கெல்லாம் போய் இறக்கிக் கொடுத்தார்கள். லீவுக்கு வந்தால் அக்கா முதலில் சொல்வது மரத்தைப் பற்றித்தான்: "வடக்கால புதுசா ரெண்டு துளிர் வுட்டுக்கினு இருக்குது, பாத்தியா?"

அப்புறம் வீடுகள் ஒவ்வொன்றாக மாறின. ஓடு போய் மொட்டை மாடி வந்தது. அக்கா வீடும்தான். நல்ல வீடு, மழைக்கு ஒழுகாது, தறிக்கு மேலே விளக்கு. எனக்கு வேலை கிடைத்து ஊருக்குப் போவது குறைந்துபோனது.

இந்தப் பொங்கலுக்குப் போனேன். காபி கொடுத்தாள். வாசலில் வெயில் பளீரென்று அடித்தது. அக்கா கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு என்னிடம் பேசினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரம் இல்லை. அடிக்கட்டைகூட இல்லை, சிமென்ட் தரை.

"எப்பக்கா எடுத்தாங்க?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். உள்ளே குரல் கொடுத்து அண்ணனைக் கேட்டாள். அவரும் வந்து நின்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"மாடி போட்டப்புறம் அது பாட்டுக்கு இருந்துச்சிமா. வுழுந்தாலும் இன்னா ஆகப்போவுது, காங்கிரீட்தானே. யாரோ வெட்டினாங்க... என்னிக்குன்னு தெரியலையே."