ஜமீன்தாருக்காகப் போட்ட இலை

காலை பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அரண்மனைச் சமையலுக்குப் போயிருந்த பரிசாரகர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். வேட்டியில் முழங்கால்வரை புழுதி.

"வாத்தியாரே, உங்க பிள்ளையை அவா விடலை. ஒத்தனா உக்கார வந்த கிழவர் விடியறதுக்குள்ள ஓடிப்போய்ட்டார். இன்னிக்குப் பதினோராம் நாள். உங்க பிள்ளைக்குத்தான் எண்ணெய் தேய்ச்சிண்டிருக்கா."

பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

ராஜபாளையத்துக்கு அப்பால் ஒரு ஜமீன். ஜமீன்தார் பெரியவர் இறந்ததும் மந்திரம் சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூட்டிப்போனவர்களில் என் மகனும் ஒருவன். இருபது வயது. வத்திராயிருப்பில் பெண் பார்த்து, தை மாதத்துக்குப் பேசி முடித்திருந்தோம்.

ஒத்தன் என்பவன் பதினோராம் நாள் இறந்தவராகவே உட்கார்ந்து சாப்பிடுகிறவன். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் ஆள் கிடைக்காவிட்டால் அந்தச் சோற்றை அக்கினியில் போட்டுவிடுவோம். அரண்மனையில் அது செல்லாது. உயிருள்ள ஒருவன் இறந்தவரின் வேட்டியைக் கட்டி, அவர் கட்டிலில் அமர்ந்து, அவருக்குப் போட்ட இலையில் சாப்பிட்டு, "திருப்தி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு கொல்லை வழியாக வெளியே அனுப்பிவிடுவார்கள். அதன்பின் அவனை எந்த நல்ல காரியத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். யார் பெண் கொடுப்பார்கள்?

கிடைத்த மாட்டுவண்டியில் ஏறினேன். வண்டிக்காரன் ஜமீன் ஊர்க்காரன். நான் எதற்குப் போகிறேன் என்று அவனுக்குத் தெரியாது.

"மீசையப் பாத்தீயளா சாமி? பெரியவுக செத்த அன்னைக்கு ஊர்ல ஒரு ஆம்பள பாக்கியில்லாம மழிச்சுட்டாக. எம் பொண்டாட்டி, 'யாரு வீட்டு ஆளு நீ'ங்கா!" என்று சிரித்தான். "எங்கப்பன் செத்தப்ப நாலு பேரு குழி வெட்டி மூடுனோம். மறுநா எல்லாரும் களையெடுக்கப் போயாச்சு. அவியளுக்கு எம்புட்டுச் சந்தனக்கட்டைங்கிய!"

"கொஞ்சம் வேகமா ஓட்டுப்பா."

"விருந்துக்கா சாமி? இலை போட்டுட்டா முடிஞ்சிருமோ?"

மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. காற்றே இல்லை. என் தலையைப் போல மாடுகளின் தலைகளும் தொங்கியே வந்தன.

அரண்மனை வாசல் சாத்தியிருந்தது. என் மகன் உள்ளே இருக்கிறான் என்றேன். காவலாள் குரலைத் தாழ்த்தினான்.

"பெரியவுக சாப்பிடுதாக சாமி. இப்ப யாரும் உள்ள போகப்படாது."

அவன் பரிகாசம் செய்யவில்லை. அவன் முகத்தில் உண்மையாகவே பயம் இருந்தது.

மதிலைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினேன். உள்ளே பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். திடீரென்று அந்த ஓசை நின்றது. எதிர்ச்சந்தில் ஒரு பெண் தன் மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். "ஏட்டி, உள்ள வா! வெளிய வாரது கண்ணுல பட்டுச்சுன்னா அந்த வீட்ல விளக்கு எரியாது." வரிசையாகக் கதவுகள் சாத்தப்பட்டன. சந்தில் நான் மட்டும் நின்றேன்.

கொல்லைக் கதவு திறந்தது. சரிகைக் கரை வேட்டி கட்டிய ஒருவன் வெளியே வந்தான். முகத்தை மறைத்துப் பட்டுக்குடை. காலுக்குப் பெரிதான செருப்பு மண்ணில் இழுபட்டது. பின்னாலிருந்து யாரோ ஒரு மண்கட்டியை எறிந்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிவிட்ட கிழவரைப் பிடித்துக்கொண்டுவந்து உட்கார வைத்திருப்பார்கள், இது அவர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடை என்னெதிரே வந்து நின்றது.

"திரும்பிக்கோங்கோ அப்பா," என்றான் என் மகன். "என்னைப் பாக்காதேங்கோ. தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."